அடுத்த லேன் பேட்டன்

ஜூன் 9

ஒட்டகத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கத்தானே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாய்.

பள்ளி திறந்த அன்று உன் இடத்தில் என் பையை வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். கணக்கு சார் வருகைப் பதிவு எடுத்தபோது உன் பெயரைத் தாண்டிப் போனார். எழுந்து நின்று, "சார், ஒரு பேர விட்டுட்டீங்க" என்றேன். "விடலம்மா. அவ விளையாட்டு ஹாஸ்டல்ல சேந்துட்டா. உனக்குத் தெரியாதா?" என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. மூன்று வருஷமாக ரிலே ஓட்டத்தில் உன் கையில் பேட்டன் கட்டையை வைத்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. ரிலே என்றால் பஸ்ஸா ரயிலா என்று கேட்கும் கணக்கு சாருக்குத் தெரிந்திருக்கிறது.

முகவரியை உன் அப்பாவிடம் வாங்கினேன். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வந்திருந்தார். பாதி உடம்பு லிஃப்டுக்குள், பாதி வெளியே. "அங்க ஃபோனெல்லாம் வாங்கி வெச்சுடுவாங்கம்மா. லெட்டர்தான்" என்று கால்களிலிருந்து குரல் வந்தது. அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. முகம் தெரியாமல் எப்படிக் கோபப்படுவது?

சரி, சேதிக்கு வருகிறேன். உன்னைப் பழிவாங்கத்தான் இதை எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். கடைசி ஓட்டத்துக்கு உனக்குப் பதில் ஆள் கிடைத்தாயிற்று. ரேடியோ. ஆமாம், காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் ஓவியத்தில் ஜெயித்தார்கள், யார் தலைமையாசிரியர் அறைக்கு வர வேண்டும் என்று வாசிப்பாளே, அதே ரேடியோதான். லீவில் ஒரு ஜாண் வளர்ந்திருக்கிறாள். பி.டி. மிஸ் சும்மா ஓட விட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துவிட்டார். ஓடுகிறாள், அதை மறைக்க முடியாது. ஆனால் பேட்டன் வாங்கும் நேரத்தில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். திரும்பினால் வேகம் போச்சு. உனக்கு இந்த வியாதி என்றைக்கும் இருந்ததில்லை.

மிஸ் என்னிடம், "எப்பவும் போல 'இந்தா'ன்னு கத்து, அவ கைய நீட்டுவா" என்றார். நான் மாட்டேன் என்றேன். மற்ற எல்லாப் பள்ளிகளும் கத்துவதுபோல 'கை' என்றே கத்துகிறேன். 'இந்தா' உனக்காக ஆரம்பித்தது. நீ ஓடிப்போனாய் என்பதற்காக அதைத் தூக்கி அடுத்தவளுக்குக் கொடுக்க முடியாது. கோபம் வேறு, இது வேறு.

பதில் போடச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். ஆனால் போடாமல் இருந்து பார்.

தீப்பெட்டி


ஜூன் 21

தீப்பெட்டி,

உன் கடிதத்தைக் குளியலறை வரிசையில் நின்றுகொண்டு படித்தேன். அப்பாவின் கால்களிடம் பேசிய இடத்தில் சிரித்துவிட்டேன். வரிசையில் முன்னால் நின்றவள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். இங்கே எனக்கு முதல் எதிரியை நீதான் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறாய்.

சொல்லாமல் வந்தது தப்புத்தான். ஹாஸ்டலிலிருந்து தகவல் வந்த மறுநாளே கிளம்ப வேண்டியிருந்தது. உன்னிடம் சொன்னால் நீ அழ மாட்டாய், சண்டை போடுவாய். சண்டை போட்டால் நான் போகவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் தெருவைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். வேண்டுமானால் திட்டிக்கொள்.

இங்கே டிராக் எப்படி இருக்கிறது தெரியுமா? ரப்பர். நம் மைதானத்தில் பாதி கல், பாதி மண், மிச்சம் மழைத் தண்ணீர். இங்கே முதல் நாள் காலை வைத்தபோது, தரையே என்னைத் தூக்கிவிட்டது. அன்று இரவு கட்டிலில் படுத்தும் என் கால் ஓடிக்கொண்டே இருந்தது. அறையில் நாலு பேர், நாலு இரும்புக் கட்டில், ஜன்னல் கம்பி முழுக்க ஈரச் சாக்ஸ். அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது, உனக்கு நல்ல காலம்.

இப்போது விஷயம். நான் இங்கே நிரந்தரம் இல்லை. இந்த டெர்ம் முழுக்கப் பரீட்சைதான். டெர்ம் முடிவில் கோச் 'இரு' என்றால் இருப்பேன், 'போ' என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அப்பா கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு டெர்ம் பாரு. அவங்க வேணாம்னுட்டா ஓட்டத்த மூட்ட கட்டி வெச்சுட்டு ஒழுங்கா படி. பாதி அங்க பாதி இங்கன்னு இருக்கறது என் தொழிலோட போகட்டும்." அப்பா சொன்னால் சொன்னதுதான். இங்கிருந்து அனுப்பினால் நான் ஓடுவது அதோடு முடிந்தது.

இங்கே பேட்டன் கொடுக்கும்போது யாரும் கத்தக் கூடாது. கோச் அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். "எட்டு லேன்ல எட்டு பேர் கத்துனா எது உனக்குன்னு எப்படித் தெரியும்? காத மூடு. எண்ணு" என்றார். பின்னால் வருபவள் தரையில் ஒட்டிய டேப்பைத் தாண்டியதும் நான் கிளம்ப வேண்டும். என் காலடிகளை மனசுக்குள் எண்ணி, கணக்கு வந்ததும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பேட்டன் வந்து உட்காருமாம். எனக்கு வந்து உட்காரவில்லை. உன் சத்தம் கேட்காமல் என் கை நீளவே மாட்டேன் என்கிறது.

ரேடியோ நன்றாக ஓடட்டும். ரொம்ப நன்றாக ஓட வேண்டாம்.

ஒட்டகம்


ஜூலை 7

ஒட்டகமே,

தெருவைச் சுற்றிக்கொண்டு போனாயா? எங்கள் வீட்டு ஜன்னல் பக்கத் தெருவையும் பார்க்கும். நான் அன்று பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். சரி, விடு. முழுக் கோபம் இல்லை, முக்கால்வாசிதான் இருக்கிறது.

இந்த டெர்மில் நம் பள்ளிக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. எதைத் தொட்டாலும் ஜெயிக்கிறார்கள். எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரிவாளே நம் வகுப்பு 'நூலகம்', அவளுக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. (பரிசு ஒரு புத்தகம். அதை அவள் ஏற்கெனவே படித்திருந்தாளாம்.) பத்தாம் வகுப்புப் பையன்கள் பழைய பாட்டிலையும் ஊசிக் குழாயையும் வைத்து மழை அளக்கும் கருவி செய்தார்கள், கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. கண்காட்சி அன்று சொட்டு மழை இல்லை. மாடியிலிருந்து ஒருவன் வாளியால் ஊற்ற, நடுவர் நனைந்துபோனார். ஆனாலும் இரண்டாம் பரிசு. நடுவர் மேல் விழுந்ததையும் அந்தக் கருவி சரியாக அளந்துவிட்டதாம். இதையெல்லாம் காலையில் ரேடியோ வாசிக்கும்போது பின் வரிசைகூடக் கைதட்டுகிறது. போன வருஷம் காலைக் கூட்டம் என்றால் கொட்டாவி. இப்போது, இன்று யார் பெயர் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். ஏண்டி திரும்புகிறாய் என்று கேட்டால், "பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படி இருக்கறது?" என்கிறாள். ஊர்ச் சேதியெல்லாம் வாசிப்பவளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடக்கும் சேதி தெரியாமல் இருப்பது பெரிய கொடுமை போலிருக்கிறது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளி முழுக்க அவள் முன்னால் நடக்க வேண்டும். நான் பின்னாலிருந்து 'கை' என்றால் நீட்ட வேண்டும், திரும்பக் கூடாது. நான் எதையாவது வைப்பேன். ரப்பர், சீப்பு, பாதி கடித்த பிஸ்கட். நேற்று மாடிப்படியில் நீட்டிய கையில் கெமிஸ்ட்ரி மிஸ் அவளுடைய விடைத்தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் திரும்பியே பாத்திருக்கலாம்" என்றாள்.

ஆனால் இப்போது திரும்புவதில்லை. நேற்று மைதானத்தில் அவளை நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "நீ திரும்பிப் பாக்காத. நான் கண்டிப்பா வருவேன்." "சத்தியமா?" என்றாள். "வராம எங்க போகப் போறேன்?" என்றேன். அதன் பிறகு ஓடியதில் மிஸ் ஸ்டாப்வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

என் வலது ஷூவின் அடி பிய்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு எட்டுக்கும் சப் சப் என்று அடிக்கிறது. அம்மா புது ஷூ வாங்கலாம் என்கிறாள். ஓடுகிற ஷூவை டெர்ம் நடுவில் மாற்றினால் சரிவராது என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

எண்ணக் கற்றுக்கொள். உன் கை நீளாமல் நீ வீட்டுக்கு வந்து நின்றால் அந்தப் பழி என் தலையில்தான் விழும்.

தீப்பெட்டி


ஜூலை 24

தீப்பெட்டி,

இங்கேயும் நல்ல சேதிதான், என்னைத் தவிர. என் அறையில் இருப்பவள் நீளம் தாண்டுதலில் ஹாஸ்டல் சாதனையை முறியடித்துவிட்டாள். மணல் அவள் காதுக்குள் போய், மூன்று நாளாகத் தலையைச் சாய்த்தபடி வாழ்த்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். நானும் ஓட்டத்தில் குறைச்சல் இல்லை. தனியாக ஓட விட்டால் இரண்டாவது வருகிறேன். ரிலே என்று வந்தால்தான் மண்ணைக் கவ்வுகிறேன்.

எனக்குப் பேட்டன் கொடுப்பவளுக்கு மகாராணி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை, நடையைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. ஒன்று நான் சீக்கிரம் கையை நீட்டுகிறேன், இல்லாவிட்டால் அவள் என் முதுகில் இடிக்கிற வரைக்கும் நீட்டுவதில்லை. நேற்று பேட்டன் என் முழங்கையில் பட்டுத் தெறித்து வட்டு எறிகிறவர்கள் பக்கம் போய்விட்டது. மகாராணி, "உனக்குத் தந்தி அடிச்சுத்தான் குடுக்கணும் போல" என்றாள்.

மாலையில் கோச் கூப்பிட்டார். "மண்டலப் போட்டில கடைசி ஓட்டம் உனக்குத்தான். ஒழுங்கா வாங்கிட்டா இரு. இல்லன்னா டெர்ம் முடிஞ்சதும் கிளம்பு" என்றார். சுற்றி வளைக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதே நேரம் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஏன் என்று கேட்காதே. தினமும் விளக்கு அணைத்த பிறகு போர்வைக்குள் காலடி எண்ணிப் பழகுகிறேன்.

நம் பள்ளியும் மண்டலத்துக்கு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வந்தால் அங்கே என்னோடு பேசுவாயா?

ஒட்டகம்


ஆகஸ்ட் 8

ஒட்டகமே,

வந்துவிட்டோம். வந்துவிட்டோம். வந்துவிட்டோம்.

வட்டாரப் போட்டியில் முதலிடம். ரேடியோ திரும்பவே இல்லை. நான் 'கை' என்றதும் கை வந்தது, பேட்டன் போய் உட்கார்ந்தது, அவள் போய்விட்டாள். பி.டி. மிஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடி, விசிலை எங்கேயோ தொலைத்துவிட்டார். மறுநாள் கூட்டத்தில் ரேடியோ தன் வெற்றியைத் தானே வாசித்தாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை, வானிலை அறிக்கை மாதிரி படித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

மண்டலத்தில் ஜெயிக்கும் அணி அப்படியே மாநிலப் பள்ளிகள் போட்டிக்குப் போகுமாம். நம் பள்ளியிலிருந்து யாரும் போனதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே உன்னோடு பேசுவேனா என்று கேட்டாய். ஓடி முடிக்கிற வரைக்கும் உன் பக்கம் பார்க்கக்கூட மாட்டேன். முடிந்த பிறகு, உன்னைத் தோற்கடித்துவிட்டு, தாராளமாகப் பேசுவேன்.

தீப்பெட்டி


ஆகஸ்ட் 19

தீப்பெட்டி,

என்ன செய்துவிட்டோம்?

அன்று மைதானத்தில் பேச முடியவில்லை. உங்கள் மிஸ் உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார், எங்கள் கோச் என்னை ஷெட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார். நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உன் பக்கத்தை நீ சொல்.

கடைசி ஓட்டக்காரிகள் எட்டுப் பேரும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நின்றோம். நாலாவது லேனில் ரேடியோ, ஐந்தாவதில் நான். அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், நானும் சிரித்தேன். உங்கள் பேட்டன் பச்சை, எங்களுடையது மஞ்சள். வளைவில் நீதான் முதலில் வந்தாய். மகாராணி உனக்கு ஒரு எட்டுப் பின்னால். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பினேன். எண்ண ஆரம்பித்தேன். அப்போது பின்னால் சப் சப் என்று கேட்டது. அப்புறம் 'இந்தா' என்று கேட்டது.

என் கை போய்விட்டது. நான் நீட்டவில்லை, அதுவாகப் போனது. பேட்டன் வந்து உட்கார்ந்த அழகை நான் எப்படிச் சொல்வேன். மூன்று வருஷம் எப்படி உட்கார்ந்ததோ அப்படியே. பிடித்தேன், ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. கோட்டைத் தாண்டி, முதலாவதாக வந்து, கையைத் தூக்கினேன். கையில் பச்சை.

திரும்பிப் பார்த்தேன். மகாராணி மஞ்சள் பேட்டனோடு என் லேனில் நின்றுகொண்டிருந்தாள், கொடுக்க ஆள் இல்லாமல். பக்கத்தில் ரேடியோ. எல்லாரும் ஓடி முடித்த பிறகும் அவள் கை பின்னால் நீண்டபடியே இருந்தது.

இரண்டு அணியும் தகுதி நீக்கம். நடுவர் சிவப்புக் கொடியை எங்கே காட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் காட்டினார்.

மறுநாள் சாப்பாட்டு அறைச் சுவரில் கோச் வீடியோவைப் போட்டார். யாரோ பெற்றோர் எடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள், என் முகத்தில் ஈயாடவில்லை. கோச் மட்டும் சிரிக்காமல் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கடைசியில், "இந்த டெர்ம் முழுக்க நீ சுத்தமா வாங்குன பேட்டன் இது ஒண்ணுதான். அதுவும் அடுத்த லேனோடது" என்றார்.

இன்னும் 'போ' என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவார். அப்பாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. ரொம்ப முயற்சி செய்து பார்த்தேன்.

ஒட்டகம்


ஆகஸ்ட் 24

ஒட்டகமே,

என் பக்கத்தைக் கேட்டாய். என் பக்கம் ஒன்றுமே இல்லை. வளைவு முடிந்ததும் கண்ணுக்கு எட்டு முதுகு தெரிந்தது, அதில் ஒரு முதுகைத்தான் எனக்குத் தெரியும். கால் அதை நோக்கிப் போனது, வாய் அதைக் கூப்பிட்டது. லேன் கோடு என்று ஒன்று தரையில் இருப்பதே நினைவில்லை. பேட்டன் உன் கைக்குப் போன அந்த நொடியில், நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்புறம் பார்த்தால் பக்கத்தில் ரேடியோவின் கை. அதற்கு மேல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஊர் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. ரேடியோ பேசாமல் வந்த பயணம் அதுதான் முதல் தடவை. ஓட்டுநர்கூட இரண்டு தரம் கண்ணாடியில் பார்த்தார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவளேதான் வாசித்தாள். ஓவியத்தில் இருவர், இசைக்குழுவில் ஒருத்தி, கண்காட்சியில் மழைக் கருவி அடுத்த சுற்றுக்கு. பிறகு, "மண்டலத் தொடர் ஓட்டம். நம் பள்ளி அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது" என்றாள். அதே வானிலை அறிக்கைக் குரல். காது சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். முழுப் பள்ளிக்கும் மைக்கில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கீழே அவள் அண்ணனின் ஜெராக்ஸ் கடை, மேலே வீடு. அவள் கடையில் நின்று யாருடையதோ சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன், மெஷின் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. அவளே அதை அணைத்தாள்.

"நீ 'கை'ன்னு கத்தல. 'இந்தா'ன்னு கத்தின. அப்பவே தெரிஞ்சுடுச்சு, அது எனக்கில்லன்னு" என்றாள்.

"அப்புறம் ஏண்டி கைய நீட்டிக்கிட்டே நின்ன? திரும்பிப் பாத்திருக்கலாம்ல?"

"நீதான வருவேன்னு சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்தக் கடையில், வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன். என்னை உனக்குத் தெரியும், எலும்பு முறிந்தபோதுகூட நான் அழவில்லை. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். "மூக்கத் தொடச்சுக்க. அண்ணன் வந்தா இதுக்கும் காசு கேப்பான்" என்றாள். ரேடியோ திரும்பப் பாட ஆரம்பித்துவிட்டது.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன், உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன். இனிமேல் 'இந்தா' அவளுக்கு. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

தீப்பெட்டி


செப்டம்பர் 2

தீப்பெட்டி,

கோபமில்லை. படித்தபோது நெஞ்சில் சுருக்கென்றது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த நீட்டிய கையை நானும் பார்த்தேன். அவளுக்கே கொடு.

இப்போது நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். மண்டல அணியை இந்தத் தடவை ஒரே பள்ளியிலிருந்து அனுப்பவில்லை. மூன்று அணி ஏதோ ஒரு காரணத்தில் தகுதி நீக்கம், ஜெயித்த அணியின் நேரமும் போதவில்லை. அதனால் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் வேகமான எட்டுப் பேரைக் கூப்பிட்டு, இங்கே எங்கள் ஹாஸ்டல் டிராக்கில் தேர்வு ஓட்டம் வைக்கிறார்கள். நாலு பேர் அணிக்கு. உன் பெயர் இருக்கிறது. ரேடியோ பெயர் இருக்கிறது. என் பெயரும், மகாராணி பெயரும் இருக்கின்றன. பள்ளிக்குத் தகவல் வந்துகொண்டிருக்கும், நான் முந்திக்கொண்டேன். ரேடியோவுக்கு முன்னால் ஒரு சேதியைச் சொன்ன பெருமை எனக்கு வேண்டும்.

கோச் என்னைக் கூப்பிட்டு, "இதுதான் கடைசி. யார் குடுத்தாலும் சத்தமில்லாம வாங்கணும். வாங்கிட்டா இரு" என்றார். எட்டுப் பேரையும் மாற்றி மாற்றி ஓட விடுவார்கள். நீயும் எனக்குக் கொடுக்க வேண்டிவரும். கத்தாதே. ஆனால், ஒரு உதவி கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தப் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வா. உன் சப் சப் கேட்டால் போதும், என் கை தானாக நீண்டுவிடும். கோச்சுக்குத் தெரியவே தெரியாது.

ஒட்டகம்


செப்டம்பர் 6

ஒட்டகமே,

உன் கடிதத்தைப் பிரித்தபோது ரேடியோ பக்கத்தில்தான் இருந்தாள். அவள் கத்திய கத்தலில் எதிர் வீட்டில் ஏதோ உடைந்தது. பி.டி. மிஸ் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுமைதானத்தில் சுற்றினார். புது விசில் வாங்கிவிட்டார், அதையும் ஊதினார், என் காதுக்குள்.

பழைய ஷூவோடு வருகிறேன். கவலைப்படாதே.

தீப்பெட்டி


செப்டம்பர் 17

தீப்பெட்டி,

சனிக்கிழமை தேர்வு ஓட்டத்தில் உன்னைக் கொன்றுவிடலாம் என்று இருந்தேன். பளபளவென்று புது ஷூவில் வந்து நிற்கிறாய். கேட்டால், "அம்மா பழச தூக்கிப் போட்டுட்டாங்கடி, நான் என்ன பண்றது?" என்று சிரிக்கிறாய். உன் அம்மாவுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

நீ வளைவில் வரும்போது எனக்கு உலகமே ஊமையாகிவிட்டது. சப் சப் இல்லை. 'இந்தா' இல்லை. உன் ஷூ பூனைபோல வருகிறது. வேறு வழியே இல்லாமல் எண்ணினேன். போர்வைக்குள் எண்ணினேனே, அதையே எண்ணினேன். கணக்கு வந்தது, கையை நீட்டினேன், வெறும் காற்றில். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன். பேட்டன் வந்து உட்கார்ந்தது. அடுத்து மகாராணி கொடுத்தாள், அதுவும் வந்து உட்கார்ந்தது. அப்புறம் யார் யாரோ கொடுத்தார்கள், எல்லாம் வந்தது. மகாராணி போகிற போக்கில், "தந்தி கிடைச்சுடுச்சு போல" என்றாள். அவள் வாயிலிருந்து அது பாராட்டு.

இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கோச் என்னைப் பார்த்து, "இரு" என்றார். ஒரே சொல். அப்பாவுக்கு ஃபோன் பண்ண அனுமதியும் கொடுத்தார். அப்பா எங்கேயோ லிஃப்டுக்குள் இருந்தார். "இரும்மா, வெளிய வந்து பேசறேன்" என்றார். வெளியே வந்து, நான் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அணியைச் சொல்கிறேன், உனக்கும் வந்திருக்கும். முதல் ஓட்டம் மகாராணி. இரண்டாவது நீ. மூன்றாவது நான். கடைசி ரேடியோ.

நான் கடைசி இல்லை. அதற்காக வருந்துவேன் என்று நினைத்தேன், வருத்தமாக இல்லை. அன்று ரேடியோவின் கைக்குப் போக வேண்டிய பேட்டனை நான்தான் வாங்கிக்கொண்டு ஓடினேன். இனி நீ எனக்குக் கொடுப்பாய், நான் அதைக் கொண்டுபோய் அவள் கையில் வைக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் வாங்கியே பழகிவிட்டேன். கொடுப்பது எப்படி? அவள் சத்தத்துக்கே பழகியவள் என்பதால், அவளுக்கு மட்டும் சத்தம் போட்டுக் கொடுக்கலாம் என்று கோச் சொல்லிவிட்டார். எவ்வளவு தூரத்தில் கத்துவாய்? எப்போது விடுவாய்? எழுது.

ஒட்டகம்


செப்டம்பர் 21

ஒட்டகமே,

அணிப் பட்டியலை இன்று ரேடியோதான் கூட்டத்தில் வாசித்தாள். இந்த டெர்மில் பரிசு வாங்கியவர்கள் எல்லாரையும் வாசித்துவிட்டு, கடைசியாக ரிலேக்கு வந்தாள். என் பெயரை வாசித்தாள். அடுத்து அவள் பெயர். மைக் அப்படியே நின்றுவிட்டது. பழுதாகிவிட்டதென்று கணக்கு சார் ஒயரை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் மிஸ் போய்த் தாளை வாங்கி வாசித்தார். கைதட்டல் ஓயவே இல்லை, முதல் மணி தாமதமாகத்தான் அடித்தது.

இனி ஒரு உண்மை. அம்மா எதையும் தூக்கிப் போடவில்லை. பழைய ஷூ அன்று முழுக்க என் பையிலேயே இருந்தது. கையில் எடுத்தேன், பிறகு உள்ளே வைத்துவிட்டேன். என் சத்தத்துக்கு மட்டும் கை நீட்டுகிறவளாக நீ அங்கே தங்க முடியாது. நான் எப்போதும் உன் பின்னால் வந்துகொண்டிருக்க மாட்டேனே. திட்டிக் கடிதம் போடு, காத்திருக்கிறேன்.

கொடுப்பது எப்படி என்று கேட்டாய். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதுகைப் பார்க்காதே, அதில்தான் நான் ஏமாந்தேன். கையைப் பார். கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று முன்னால் 'இந்தா' என்று கத்து. பேட்டனை உள்ளங்கையில் அழுத்தி வை, அவள் விரல்கள் மூடிய பிறகுதான் விடு. அவள் திரும்பிப் பார்ப்பாளோ என்று கவலைப்படாதே. வருவேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நிற்பாள். அதனால் நீ தவறாமல் அவள் கைக்குப் போய்ச் சேர்.

தீப்பெட்டி